விரலிடுக்கில் ஊசிப்புல்: ஸ்கேன் பார்த்து எடுக்கற இடம் வேணுங்க

ஜெர்மன் வயர்ஹேர்டு பாயின்டர், ஆண், 3 வயசு, 28 கிலோ. காங்கேயம் பக்கம், கொறங்காட்டுல (மேய்ச்சல் நிலத்துல) ஓடற நாய். வலது முன்னங்கால் நடு விரலிடுக்குல சுண்டைக்காய் அளவு வீக்கம். உடைஞ்சு ரத்தம் கலந்த நீர் வடியும், மூடும், மறுபடி அதே பக்கம் கொஞ்சம் மேல கிளம்பும். மார்கழியில ஆரம்பிச்சது. காய்ச்சல் இல்லை, தீனி எடுக்குது; ராத்திரியெல்லாம் நக்கிட்டே இருக்கு.

உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணியில 10 நிமிஷம், தினம் ரெண்டு வேளை கால் முக்கியாச்சு. செஃபலெக்சின்ங்கற ஆன்டிபயாடிக் கொடுக்கற வரைக்கும் வத்துது, நிறுத்தினா திரும்ப வருது. தோலைச் சுரண்டிப் பார்த்ததுல சொறிப்பூச்சி இல்லை. எக்ஸ்ரேயில எலும்பு சுத்தம்; புல்முள் எக்ஸ்ரேயில தெரியாதுங்கறதால அதை நம்பி விட முடியாது. ஒரு இடத்துல கீறித் தேடினாங்க, கிடைக்கலை. ஊசிப்புல்லோட முள் முன்னால மட்டும்தான் நகரும், அதனால ஓட்டை ஒரு பக்கம், முள் வேற பக்கம் இருக்கும். இன்னும் மேல ஏறறதுக்குள்ள எடுத்தாகணும். விரலிடுக்கு முடியைக் கத்தரிச்சு விட்டிருக்கு, அதனால அதைச் சொல்ல வேண்டாம்.

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம், அல்ட்ராசவுண்ட்ல பார்த்துக்கிட்டே நாய்க்காலிலிருந்து புல்முள் எடுக்கற மருத்துவமனை எதுங்க?