டீபக் மெசேஜைத் திருத்தி பேட்ச் அனுப்புவது வீண் வேலையா?

குன்னூர்_காளான்:
எங்கள் காளான் ஷெட்டில் ஈரப்பதம் பார்க்க ஒரு சென்சாரை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் மாட்டியிருக்கிறேன். அது அடிக்கடி மக்கர் பண்ணுகிறதே என்று அதன் லினக்ஸ் டிரைவரைத் திறந்தால், பிழை தேட உதவும் டீபக் மெசேஜெல்லாம் அலங்கோலம்: எழுத்துப்பிழை, ஒரே வரி இரண்டு இடத்தில், ஃபங்ஷன் பெயரைக் கையால் அடித்திருக்கிறார்கள், அந்த ஃபங்ஷனுக்கோ இப்போது வேறு பெயர். திருத்தி, அந்த மாற்றத்தை பேட்சாக லினக்ஸ்காரர்களுக்கு அனுப்பலாமா, இல்லை வேறு வேலை இல்லையா என்பார்களா?

கோத்தகிரிக்காரன்:
அனுப்புங்க. ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. பெயர் மாறிப்போன ஃபங்ஷனைச் சொல்கிற லாக் பொய் சொல்கிறது, அதை நம்பி யாரோ ராத்திரி முழுக்க வேறு இடத்தில் தேடுவார்கள். அந்தப் பெயரைத் திருத்தக்கூட வேண்டாம், எடுத்தே விடுங்கள், டீபக் மெசேஜை ஓடும்போதே ஆன், ஆஃப் பண்ணும் டைனமிக் டீபக் வசதியில் எஃப் குறியைப் போட்டால் கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) ஃபங்ஷன் பெயரைச் சேர்த்துத் தரும். மெமரி கிடைக்கவில்லை என்று தனியாகப் புலம்பும் வரி இருந்தால் அதுவும் வேண்டாம், அப்போது கெர்னல் தானாகவே ஸ்டாக்கை, அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலை, லாக்கில் கொட்டிவிடும். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

கொடை_சர்வர்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. வரியைத் தொட்டாலே, எந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் ப்ளேமில் உங்கள் பெயர் வந்து உட்காரும், அந்த வரி ஏன் வந்தது என்பது ஒரு கமிட் (பதிவான மாற்றம்) பின்னால் போய்விடும். அப்புறம், லாக் வாசகத்தைப் பிடித்து அலர்ட் அனுப்பும் ஸ்கிரிப்ட் எங்களிடம் இருந்தது, அப்டேட்டில் யாரோ ஒரு வார்த்தையை அழகுபடுத்த, அது சத்தமில்லாமல் நின்றுபோனது. கை துறுதுறு என்றால் இன்னும் தரம் தேறாத ஸ்டேஜிங் டிரைவர்கள் பக்கம் போங்கள், அங்கே இந்த மாதிரி பேட்சை வரவேற்கிறார்கள்.

ஊட்டி_ஷெல்:
ப்ளேம் எல்லாம் சாக்கு அண்ணா. 2019-இல் வந்த கிட் 2.23 முதல் வேண்டாத கமிட்டைத் தாண்டிப் பார்க்க வழி இருக்கிறது. டீபக் வரியை நம்பி அலர்ட் வைத்தது யார் தப்பு?

குன்னூர் தம்பி, சென்சார் மக்கர் பண்ணும்போது வரும் மெசேஜில் எரர் எண் இருக்கிறதா? இல்லாவிட்டால் முதல் பேட்ச் அதுதான்.

குன்னூர்_காளான்:
இல்லை, படிக்க முடியவில்லை என்பதோடு சரி. எண்ணையும் காட்டச் சொல்லி கம்பைல் பண்ணிப் பார்த்தேன், மைனஸ் 110, அதாவது டைம்அவுட். ஷெட் முழுக்க ஒயரை இழுத்திருக்கிறேன், அதில்தான் சந்தேகம், நாளைக்குச் சுருக்கிப் பார்க்கிறேன். எண் சேர்ப்பது ஒரு பேட்ச், பெயரை எடுப்பது தனி பேட்ச். எழுத்துப்பிழையை அப்படியே விட்டுவிடுகிறேன்.