மூடுபனி மலைகள் சாம்பலாகவே பதிவாகின்றன: சிவப்பு ஃபில்டர் உதவுமா?

அல்சூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். பெங்களூருக்கு அருகே 1,478 மீட்டர் உயரமுள்ள நம் நந்தி மலை உச்சியிலிருந்து, மார்கழி விடியலில் பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடக்கும் மூடுபனியையும் அதற்குமேல் தலைநீட்டும் குன்றுகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து வருகிறேன். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் பனி, படத்தில் அழுக்குச் சாம்பலாக விழுகிறது. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிகின்றன. லென்ஸின் முன் சிவப்பு ஃபில்டர் (நிறக் கண்ணாடி) போட்டால் பனியை ஊடுருவித் தொலைமலைகள் துலங்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? கேமரா டிஜிட்டல், ஜேபெக்கில்தான் (கேமராவே சுருக்கிச் சேமிக்கும் கோப்பு) எடுக்கிறேன்.

இருட்டறை:
வாங்க வேண்டாம், நண்பரே. தொலைமலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம், காற்றின் மூலக்கூறுகளும் மிக நுண்ணிய துகள்களும் சிவப்பைவிட நீல ஒளியைப் பல மடங்கு சிதறடிப்பதுதான். அந்த நீல மங்கலைச் சிவப்பு ஃபில்டர் நன்றாகவே குறைக்கும். மூடுபனியின் நீர்த்துளிகளோ ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால், எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பனி வெள்ளையாக இருப்பதே அதனால்தான். எந்த நிறக் கண்ணாடியும் அதைத் துளைக்காது. 1927-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், அங்குள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையைச் சிவப்பு ஃபில்டர் வைத்து எடுத்ததைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே ஃபில்டர் கறுக்கச் செய்தது தெளிந்த வானத்தை. போதாக்குறைக்கு, வழக்கமான சிவப்பு ஃபில்டர் ஏறத்தாழ 3 ஸ்டாப் ஒளியை விழுங்கிவிடும் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்).

உங்கள் சாம்பலுக்குக் காரணம், கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர். எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக்கும் வகையிலேயே அது கணக்கிடுகிறது. சட்டகத்தில் பனியே நிறைந்திருக்கும்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 அளவுக்கு ஏற்றி, ஹிஸ்டோகிராமின் (இருளிலிருந்து வெளிச்சம்வரை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்) மேடு வலது ஓரத்தில் முட்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சூரியன் எட்டிப்பார்த்ததும் இறக்கிவிட வேண்டும்.

கருங்கல்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். டிஜிட்டலுக்கு இன்னொரு காரணமும் உண்டு: வழக்கமான சென்சாரில் சிவப்புக்கு உரியவை கால்பங்கு பிக்சல்களே, ஃபில்டர் போட்டால் மற்றவை பெரும்பாலும் பட்டினி கிடக்கும்.

வானத்துக் கோடுகளுக்கு மருந்து, ரா கோப்பில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பில் எடுப்பது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள். 14 பிட் ராவில் 16,384. பனிப்படத்தின் டோன்கள் (வெளிச்ச அளவுகள்) எல்லாம் ஒரு குறுகிய பகுதிக்குள் நெருங்கியிருப்பதால், அவற்றை இழுத்து விரிக்கும்போது 256 போதாமல் இடைவெளி தெரிகிறது. ராவிலிருந்து கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தைச் சற்றே ஏற்றிப் பாருங்கள்: நீல மங்கல் படிந்த பின்மலைகள் மேலும் வெளிறி, அடுக்குகள் தனித்தனியாகப் பிரியும். எடிட்டிங் மென்பொருளில் மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரைத் தொடவே தொடாதீர்கள். பனியைத் தேடி அத்தனை தூரம் போய்விட்டு, வீட்டுக்கு வந்து அதைத் துடைப்பானேன்?

படத்தில் ஓரிடமாவது முழுக் கறுப்பாக இருக்கட்டும். பனியில் நனைந்து கறுத்த பாறையொன்றை, அதன்மேல் வெளிறிய பாசிப்பொட்டுகள் தெரியும் அளவுக்கு அருகில் வைத்தால், பின்னாலிருக்கும் பனி தானாகவே வெள்ளையாகத் தோன்றும். கான்ட்ராஸ்டைக் கூட்டும் தேவையே பெரும்பாலும் எழாது.

அல்சூர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஃபில்டரை விட்டுவிடுகிறேன். காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் நீர் பூத்துவிடுகிறதே, அதற்கு வழி உண்டா?

இருட்டறை:
ஏ.சி.யில் குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். மலையேறும்போதே ஏ.சி.யை நிறுத்திவிட்டு, பையை மூடியபடியே கேமராவை வெளிவெப்பநிலைக்கு மெல்லப் பழகவிடுங்கள்.