ஹோம் விசிட்ல நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்ட ஒரு கேஸ் சொல்லுங்க

பழைய டைரி:
சைல்ட் வெல்ஃபேர் வேலைல இருக்கறவங்க கூடினா எப்பவும் ஜெயிச்ச கதைதான் வருது. நான் சறுக்கின கதைய சொல்றேன், அப்புறம் நீங்களும் சொல்லுங்க. அப்ப வேலைல சேந்து நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு, அஞ்சு மாசக் கைக்குழந்தை ஒண்ணுக்கு இடுப்புக்கிட்ட உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாஞ்சு இருக்குன்னு தகவல் வந்துச்சு. போனேன், பாத்தேன், நீலமாத்தான் இருந்துச்சு. தவழவே ஆரம்பிக்காத குழந்தை உடம்புல கன்னிப்போன காயம் இருந்தா லேசா விடக்கூடாதுன்னு ட்ரெய்னிங்ல சொன்னது மட்டும்தான் மண்டைல ஓடுது (அது சரியான விதிதான், இன்னிக்கும் புதுசா வர்றவங்களுக்கு அதையேதான் சொல்லிக்குடுக்கறேன்). அந்தம்மா "பொறந்ததுலேர்ந்தே இருக்கு மேடம்"னு மூணு தடவ சொன்னாங்க. நான் ரிப்போர்ட்ல என்ன எழுதினேன் தெரியுமா? "தாய் காயத்துக்கு விளக்கம் தர மறுக்கிறார்."

குழந்தைய ரெண்டு ராத்திரி ஆஸ்பத்திரில வெச்சோம், அந்தம்மா பால் குடுக்கும்போதுகூட பக்கத்துல ஒரு ஆள். மூணாம் நாள் வந்த குழந்தை டாக்டர் திருப்பிப் போட்டுப் பாத்துட்டு மங்கோலியன் ஸ்பாட்னுட்டார். ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைங்களுக்கு ரொம்ப சாதாரணமாம், பொறக்கும்போதே இருக்கும், சில வருஷத்துல தானா மங்கிடும், அமுக்கினா வலிக்காது, பத்து நாள் கழிச்சுப் பாத்தாலும் அதே நிறம் இருக்கும். அடிபட்ட காயம்னா நிறம் மாறிக்கிட்டே வந்து போயிடும். அதுக்காக நிறத்த வெச்சு இது நேத்து பட்டது, அது போன வாரம் பட்டதுன்னு நாள் குறிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்தக் கணக்கு நிக்காதுன்னு டாக்டர்களே சொல்லிட்டாங்க. பிரசவ ரெக்கார்டுல அந்த மச்சம் தெளிவா எழுதியிருந்துச்சு. ஒரே ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

ராத்திரி ஷிப்ட்:
என்னோடது உங்களுக்கு நேர் எதிர். நீங்க சந்தேகப்பட்டு மாட்டினீங்க, நான் நம்பி மாட்டினேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், சந்தேகப்பட்டதுக்காக ரொம்ப நொந்துக்காதீங்க. 1962ல ஹென்றி கெம்ப்ங்கற அமெரிக்கக் குழந்தை டாக்டரும் கூட இருந்த டாக்டர்களும் அடிபட்ட குழந்தைங்க பத்தி ஒரு கட்டுரை எழுதறவரைக்கும், எக்ஸ்ரேல பழைய எலும்பு முறிவு பளிச்னு தெரிஞ்சாக்கூட பெத்தவங்களா இருக்குமோன்னு நெனைக்க நிறைய டாக்டர்களுக்கே மனசு வரல.

எனக்கு வந்தது ஆறு வயசுப் பொண்ணு, ஸ்கூலுக்கு சரியா வரலன்னு கேஸ். மூணு விசிட் போனேன். சித்தப்பா முறை ஒருத்தர், அவ்ளோ தன்மையான மனுஷன், உக்காருங்க சார்னு சேர இழுத்துப் போடுவார், வீடு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும், ஒவ்வொரு தடவையும் பொண்ணு "இப்பதான் சார் தூங்குச்சு". நானும் மூணு தடவையும் "வீடு சுத்தமாக உள்ளது, குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது"ன்னு எழுதிக் குடுத்தேன், கிட்டத்தட்ட அதே வாக்கியம், காப்பி பண்ணின மாதிரி. நாலாவது தடவ வேற ஒரு சீனியர் போனாங்க. எழுப்புங்க, இல்லன்னா எழுந்திருக்கறவரைக்கும் உக்காந்திருக்கேன்னு சொல்லிட்டு ஒன்றரை மணி நேரம் அசையாம உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் நடந்தத இங்க எழுத முடியாது. பொண்ணு உயிரோட இருக்கு, நல்லா இருக்கு, அது போதும்.

லண்டன்ல விக்டோரியா கிளிம்பியேன்னு எட்டு வயசுக் குழந்தை, 2000 பிப்ரவரில இறந்துபோச்சு, உடம்புல 128 காயம். 2003ல லேமிங் பிரபு குடுத்த விசாரணை அறிக்கைய அந்த மூணு விசிட்டுக்கு அப்புறம்தான் படிச்சேன், படிக்கப் படிக்க கை நடுங்குச்சு. தலையிட்டுக் காப்பாத்தியிருக்கக்கூடிய சந்தர்ப்பம் குறைஞ்சது 12 இருந்துச்சுன்னு அதுல எழுதியிருக்கார். அந்தக் குழந்தை பேசினது பிரெஞ்சு, வந்த அதிகாரிங்க பெரும்பாலும் கேட்டது கூட்டிட்டு வந்த பாட்டி முறை உறவுக்காரம்மாவ. குழந்தைய உக்கார வெச்சு பொறுமையா, சரியா விசாரிச்ச சோஷியல் வொர்க்கர் கிடையாது. அடிச்சதே அந்த உறவுக்காரம்மாவும் அவங்க கூட இருந்த ஆளும்தான்.

தலையாட்டி பொம்மை:
குழந்தைகிட்ட கேக்கணும் கேக்கணும்னு சொல்றீங்க, எப்படிக் கேக்கறதுன்னு யாருமே சொல்லலியே. நான் கேட்டேன். அஞ்சு வயசுப் பையன், கைல சிவப்பா தடம். "அப்பா அடிச்சாரா?" தலையாட்டினான். "பெல்ட்டாலயா?" தலையாட்டினான். "அடிக்கடியா?" அதுக்கும் ஆட்டினான். எனக்கு ஒரே பெருமை, பத்து நிமிஷத்துல வாக்குமூலம் வாங்கிட்டேன்னு, "குழந்தை ஆம் என்றது"ன்னு மூணு வரி எழுதினேன். கூட வந்த அக்கா எதுவும் பேசாம கலர் பென்சில அவன் பக்கம் தள்ளிட்டு கேஷுவலா "உன் சட்டைல யானை இருக்குல்ல"ன்னாங்க. சட்டைல இருந்தது பஸ். பய அதுக்கும் தலையாட்டினான் :)

அதுக்கப்புறம் அவங்க கேட்டது ரெண்டே கேள்வி. "அன்னிக்கு எழுந்ததுலேர்ந்து என்ன நடந்துச்சு, எல்லாத்தையும் சொல்லு". அப்புறம் அவன் நிறுத்தற இடத்துல எல்லாம் "அப்புறம்?" அவ்ளோதான். நடுவுல ஒரு பெரிய மௌனம், எனக்கு உள்ள பொறுக்கல, ஏதாவது கேட்டுடலாம்னு வாயத் தொறந்தா மேஜைக்குக் கீழ என் கால மிதிச்சாங்க. அடிச்சது அப்பா இல்ல, அதே வீட்ல இருந்த இன்னொருத்தர், அப்பா வேலைக்குப் போனதுக்கப்புறம். என் மூணு வரிய நம்பி நடவடிக்கை எடுத்திருந்தா அவன நல்லா பாத்துக்கிட்ட ஒரே ஆள வெளிய அனுப்பிட்டு அடிச்ச ஆள்கிட்டயே விட்டிருப்போம்.

கலிபோர்னியால 1983ல ஆரம்பிச்ச மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்குல (அங்க வேலை பாத்தவங்க மேல குழந்தைங்கள பாலியல் கொடுமை பண்ணினதா புகார்) நூத்துக்கணக்கான குழந்தைங்கள பேட்டி எடுத்தாங்க, கேள்விக்குள்ளயே பதில வெச்சு வெச்சுக் கேட்டாங்க, 1990ல கேஸ் முடியறப்ப ஒருத்தர் மேலயும் குத்தம் நிரூபணம் ஆகல. அந்தக் குழந்தைங்கள்ல யாருக்காவது நிஜமாவே ஏதாவது நடந்திருந்தா அதுவும் அதோட புதைஞ்சு போச்சுல்ல, எனக்கு அதான் ஆத்தாமை.

கூட்டத்துல ஒருத்தன்:
எல்லாம் சரிங்க. ஒரு ஆள் தலைல எத்தன கேஸ் கட்டறாங்கன்னு யாராவது பேசுவீங்களா? ஒன்றரை மணி நேரம் உக்காந்தா அன்னிக்கு மிச்ச ரெண்டு வீடு போச்சு. அந்த ரெண்டு வீட்லயும் குழந்தை இருக்கு.

ராத்திரி ஷிப்ட்:
@கூட்டத்துல ஒருத்தன் உண்மை. பதில் இல்ல என்கிட்ட.

பிளாஸ்டிக் பை:
நான் உங்க பக்கம் இல்ல, அந்தப் பக்கம். ஏழு வயசுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் மூணு ஹோம், ரெண்டு ஃபாஸ்டர் வீடு (அரசு ஏற்பாட்டுல குழந்தைய கொஞ்ச காலம் வெச்சு வளக்கற குடும்பம்), மொத்தம் ஆறு சோஷியல் வொர்க்கர். ஒவ்வொரு தடவ மாறும்போதும் என் துணிமணி குப்பை போடற கறுப்புப் பைலதான் வரும், அத யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, அவசரத்துல கைல கெடச்சது அதான், ஆனா பத்து வயசுப் பையனுக்கு அது வேற மாதிரி புரியும்.

வளந்தப்புறம் என் ஃபைலக் கேட்டு வாங்கிப் படிச்சேன். நானூறு பக்கத்துக்கு மேல. "ஒத்துழைப்பதில்லை", "முரட்டு சுபாவம்", "சந்திப்புக்கு வர மறுத்தான்". அந்த சந்திப்பு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. என் தங்கச்சிய வேற ஊருக்கு அனுப்பறாங்கன்னு முந்தின நாள்தான் சொன்னாங்க, நான் கட்டிலுக்கு அடில போய் படுத்துக்கிட்டேன். தங்கச்சி பேச்சு அந்தப் பக்கத்துல எங்கயும் இல்ல. குழந்தை தன் கருத்த சொல்லலாம், அதுக்கு வயசுக்கேத்த மதிப்பு குடுக்கணும்னு 1989லயே ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கைல 12வது பிரிவா போட்டாச்சு. என்கிட்டயும் கருத்து கேட்டாங்கதான். எல்லாம் முடிவு பண்ணினதுக்கப்புறம் கேட்டாங்க.

ஆனா நாலாவதா வந்தவர் எழுதின ஒரு பக்கம் இருக்கு. "இன்று அவன் எதுவும் பேசவில்லை. தங்கை எப்போது வருவாள் என்று கிளம்பும்போது கேட்டான். என்னிடம் பதில் இல்லை என்று சொன்னேன்." அவ்ளோதான். அந்த ஒரு பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன். அவர் பேரு மறந்தே போச்சு, கையெழுத்தும் கிறுக்கலா இருக்கு.

பழைய டைரி:
@பிளாஸ்டிக் பை உங்க பதிவ ராத்திரிலேர்ந்து நாலு தடவ படிச்சிட்டேன்.

என் கேஸோட மிச்சத்தையும் சொல்லிடறேன். கேஸ் மூடினதுக்கப்புறம் சூப்பர்வைசர்கிட்ட போய் "விளக்கம் தர மறுக்கிறார்"ங்கற அந்த வாக்கியத்த எடுத்துடலாமான்னு கேட்டேன். எழுதினத அழிக்கக் கூடாது, கீழ திருத்தம் சேக்கலாம்னார். அதுவும் நியாயம்தான், அழிச்சா நான் பண்ணினதும் சேந்து காணாமப் போயிடும்ல. தேதி போட்டு, பிரசவ ரெக்கார்டுல இருந்தது, டாக்டர் சொன்னது ரெண்டையும் எழுதினேன், அதுக்குக் கீழ அந்தம்மா சொன்னத சொன்னபடியே எழுதினேன், "பொறந்ததுலேர்ந்தே இருக்கு மேடம்", மூன்று முறை கூறினார்னு. அந்த மேடம்ங்கற வார்த்தைய விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். விடல.

எழுதினத கைல எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். கதவத் தொறந்தவங்க உள்ள வாங்கன்னு சொல்லல. வாசல்லயே நின்னு படிச்சாங்க. தோள்ல குழந்தை தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இதுல ஒரு காப்பி எனக்குக் குடுப்பீங்களான்னு மட்டும் கேட்டாங்க.