கிட்டாரோடு சேர்ந்து பாடுகிறவர்கள் சொன்னவை

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர்:

கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். பூசையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்தால் போதும், சோலோவுக்கு, அதாவது தனி வாசிப்புக்கு, வேலை இல்லை. அந்த ஆசையை வீட்டு மாடியில்தான் தீர்த்துக்கொள்கிறேன். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் 1976இல் வெளியிட்ட 'பிரீசின்' ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டில்தான் பாடியிருக்கிறார். அதில் ஓரிடத்தில் சொற்களை விட்டுவிட்டு, கிட்டாரில் விழும் அதே சுரங்களை அதே நேரத்தில் வாயாலும் பாடுவார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

பாட ஆரம்பித்ததும் என் சோலோவில் இடைவெளி வந்தது. விரலுக்கு மூச்சு வாங்காது. பழகிய ஸ்கேலில் (சுர வரிசையில்) ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வாய் அப்படியில்லை. 'தா தபி தா' என்று இழுத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் மூச்சு தீர்ந்துவிடும், வரியும் அங்கேயே நிற்கும். அந்த நிறுத்தத்தில்தான் பின்னணி இசையில் ஓடும் பேஸ் (கீழ்ச்சுர வரி) காதில் விழுகிறது, அடுத்த வரி அதற்குப் பதிலாக வருகிறது. கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, ஏறக்குறைய அந்தக் கணக்கு.

முதல் கம்பியில் மேலே போனால் என் குரல் எட்டாது. அப்போது ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்லாம் ஸ்டூவர்ட் டபுள் பேஸை (ஆளுயரத் தந்தி வாத்தியம்) வில்லால் வாசித்துக்கொண்டே ஒரு ஸ்தாயி மேலே முனகியவர். அவரை அடையாளம் காட்டியதே அதுதான்.

(ஆடிக் காற்றில் மாடியில் உட்காராதீர்கள். குரலும் கேட்காது, உப்பில் கம்பியும் துருப்பிடித்துவிடும்.)

கீழக்கரையிலிருந்து:

அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். வாய்க்கு எட்டியதை மட்டுமே வாசிப்பது என்றால் கிட்டார் எதற்கு? வெஸ் மாண்ட்கோமரி கட்டைவிரலால் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து மீட்டுவார், பிறகு முழுக் கார்டுகளாலேயே சோலோவைக் கட்டுவார். அதை எந்தத் தொண்டையால் பாடுவது? நான் பாடிப் பார்த்தபோது பக்கத்துப் பக்கத்துச் சுரங்களாகவே வந்தன. கம்பி தாண்டிக் குதிக்கும் துணிச்சல் போய்விட்டது. மெதுவான பாட்டுக்குப் பாடுகிறேன், வேகமானதற்கு வாயை மூடிக்கொள்கிறேன்.

மண்டபத்திலிருந்து:

நான் முதலில் கற்றது வீணை. வாயால் பாடிக் காட்டாத எதையும் டீச்சர் வாசிக்க விடமாட்டார். அதனால் கிட்டாருக்கு வந்தபோது இது புதிதாகத் தெரியவில்லை. என் தொல்லை வேறு: ரெக்கார்ட் செய்து கேட்டால் கிட்டாரைவிட என் முனகல்தான் பெரிதாக இருக்கிறது. கீத் ஜாரெட் 1975இல் கொலோனில் வாசித்த பியானோ கச்சேரியிலும் அவர் முனகுவது கேட்கும். அவருக்குப் பொறுத்துக்கொள்வார்கள், என் வீட்டில் பொறுத்துக்கொள்வதில்லை.

கீழக்கரைத் தம்பிக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். பின்னணி இசையை ஓடவிட்டு, கிட்டாரைத் தொடாமல் ஒரு சுற்று பாடி போனில் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேட்டுக் கம்பியில் தேடுங்கள். உங்கள் விரல் தானாகப் போகாத இடங்கள் அதில் கட்டாயம் இருக்கும். குதிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.