ஆஸ்துமாவா சிஓபிடியா, வார்டுல எப்படி பிரிச்சு பாக்குறது?

தண்டையார்பேட்டை செகண்ட் இயர்:
அக்கா அண்ணா எல்லாருக்கும் வணக்கம், பிஎஸ்சி நர்சிங் படிக்கிறேன். புக்குல ஆஸ்துமாவும் சிஓபிடியும் (மூச்சுக்குழாய் நாள்பட அடைச்சுக்குற நுரையீரல் நோய்) புரியுது, வார்டுக்கு போனா குழம்புது. ரெண்டு பேருக்கும் வீசிங், ரெண்டு பேருக்கும் நெபுலைசர். நேத்து காசிமேட்டு தாத்தா ஒருத்தர், சிஓபிடி, சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 90 சதவீதம் காட்டுச்சு, நான் ஆக்சிஜன கூட்டப் போனேன், சிஸ்டர் கைய புடிச்சு நிறுத்திட்டாங்க. ஏன்னு கேக்க நேரமில்ல.

ராயபுரம் ஸ்டாஃப் நர்ஸ்:
சிஸ்டர் செஞ்சது சரிதான்மா. சிஓபிடில கார்பன் டை ஆக்சைடு உள்ளயே தேங்கிப் பழகுன ஆளுக்கு ஆக்சிஜன அள்ளிக் கொடுத்தா அது இன்னும் ஏறிடும், தூங்கித் தூங்கி விழுவாங்க, எழுப்புனா சம்பந்தமில்லாம பேசுவாங்க. அதான் 88லேர்ந்து 92க்குள்ள வெச்சுக்குறோம், 90 போதும். அதுக்காக 80ல கெடக்குறவருக்கு கொடுக்காம விட்றாத, வென்சுரி மாஸ்க்ல (ஆக்சிஜன் இத்தன சதவீதம்னு குறிச்சு கொடுக்குற மாஸ்க்) அளந்து கொடுக்கணும். ஆஸ்துமா அட்டாக்ல இந்த கணக்கு செல்லாது, பெரியவங்களுக்கு 93க்கு கீழ விடக்கூடாது.

பிரிச்சுப் பாக்க கதைய கேளு. ஆஸ்துமாக்காரங்க நடுவுல நல்லாவே இருப்பாங்க, போகி புகை, பனி, தூசுன்னு ஏதாவது பட்டா விடிகாலைல இழுக்கும், நெறைய பேருக்கு சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருக்கும். சிஓபிடி 40 தாண்டி வரும், பல வருஷ பீடி, தினம் சளி, போன வருஷம் மாடி ஏறுனவர் இந்த வருஷம் பாத்ரூம் போகவே மூச்சு வாங்குவார்.

ஸ்பைரோமெட்ரி டெக்னீஷியன்:
ஸ்பைரோமெட்ரின்னா மெஷின்ல ஊதச் சொல்லி மூச்ச அளக்குறது. ஒரு தடவ ஊதுனதும், மூச்சுக்குழாய விரிக்கிற சால்புட்டமால் மருந்த கொடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப ஊதச் சொல்லுவோம். எஃப்இவி1 (மொத ஒரு செகண்டுல வெளிய ஊதுற காத்து) 12 சதவீதமும் 200 மில்லியும் சேர்ந்து கூடுனா ஆஸ்துமா பக்கம் சாயும். மருந்துக்கு அப்புறமும் எஃப்இவி1/எஃப்விசி (எஃப்விசின்னா முழு மூச்சையும் ஊதித் தள்ளுற மொத்த காத்து) 0.70க்கு கீழயே நின்னா சிஓபிடி. ஆனா சில சிஓபிடிக்கும் நல்லா கூடும், ரெண்டும் சேர்ந்தவங்களும் வர்றாங்க, அதனால பேப்பர மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

வியாசர்பாடி பேரன்:
நான் நர்ஸ் இல்ல, ஆனா இத சொல்லணும். எங்க ஆயா பீடிய தொட்டதே இல்ல, காலம் பூரா விறகடுப்பு. பொம்பளன்றதால எல்லாரும் ஆஸ்துமான்னே மருந்து கொடுத்தாங்க, பல வருஷம் கழிச்சு ஊதிப் பாத்தப்பதான் சிஓபிடின்னாங்க. பீடி குடிக்கிறீங்களான்னு கேக்குறப்ப, எந்த அடுப்புல சமைச்சீங்கன்னும் கேளுங்க சிஸ்டர்.

தண்டையார்பேட்டை செகண்ட் இயர்:
கண்டிப்பா கேக்குறேன் அண்ணா. அக்கா, அப்போ வீசிங் சத்தம் கொறஞ்சா ஆள் தேறிட்டார்னு எழுதலாமா?

ராயபுரம் ஸ்டாஃப் நர்ஸ்:
அவசரப்படாத! ஆஸ்துமா அட்டாக்ல சத்தம் நின்னு, ஆள் சோர்ந்து, ஒரு வார்த்தை பேச முடியலன்னா உள்ள காத்தே போகலன்னு அர்த்தம். ஷீட்ட கீழ போட்டுட்டு டாக்டர கூப்புடு.