புதுப்பிப்பு: ஸ்டாக்ஹோமில் ஒரே நாளில் வாசா கப்பலும் கனூவும்

"நீச்சல் தெரியாத அம்மாவோடு ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒரே ஒரு நாள், வாசா அருங்காட்சியகம், கனூ (துடுப்புப் படகு) இரண்டும் முடியுமா?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "படகைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்க" என்ற யோசனைதான். ஜூனில் அங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடுகிறது.

காலையில் பழைய நகரமான காம்லா ஸ்டான். 90 செ.மீ. அகலமே உள்ள மோர்டன் ட்ரோட்சிக் சந்தில் அம்மா இரண்டு பக்கச் சுவரையும் தடவிக்கொண்டே படியிறங்கினார். பிறகு பக்கத்திலிருக்கும் ஸ்லூசனிலிருந்து ஃபெரியில், வாசா அருங்காட்சியகம் இருக்கும் யூர்கோர்டன் தீவு. 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961இல் மேலே எடுக்கப்பட்ட வாசாவுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன். இரண்டரை ஆனது.

ஐந்தரைக்குக் கனூ. "ஃபெரி போகும் பக்கம் வேண்டாம், கால்வாய்க்குள்ளேயே இருங்க" என்றவருக்குத் தனி நன்றி; அலையே இல்லை. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்திருந்த அம்மா, வாத்துக் குடும்பம் ஒன்று குறுக்கே வந்ததும் கையை எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டார். ஏழு குஞ்சுகள்.

எதிர்பாராதது: துடுப்பிலிருந்து சொட்டியே முழங்கால்வரை நனைந்தது. மாற்று பேன்ட் அவசியம். படகுக்காரர் ரொக்கம் வாங்கவில்லை, கார்டு மட்டும்தான்.