தென்னாப்பிரிக்காவில் 7 நாள் வேட்டை: ஆளுக்கு 8 லட்சம் போதுமா?

வலைவீச்சு (கீழக்கரை):

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஜூன் மாதம் நானும் துபாயில் இருக்கும் மச்சானும் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ பக்கம் லைசென்ஸ் உள்ள பண்ணை ஒன்றில் வேட்டைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அவர்கள் அனுப்பிய விலை: 7 வேட்டை நாள், இரண்டு பேருக்கும் ஒரே வழிகாட்டி, தங்கலும் சாப்பாடும் சேர்த்து. ஆளுக்கு இம்பாலா, வைல்டபீஸ்ட், ஜெம்ஸ்பாக் என்கிற மான் வகைகளும் வார்ட்ஹாக்கும் ஒவ்வொன்று. ஆளுக்கு 4,700 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 4.23 லட்சம்தான் வருகிறது. ஆளுக்கு 8 லட்சம் ஒதுக்கியிருப்பதால் மிச்சத்தில் குடூ மான் ஒன்றைச் சேர்க்கலாமா, முடிந்தால் எருமையும்? கொம்பைக் கொண்டுவந்து ஹாலில் மாட்ட வேண்டும் என்பது மச்சானின் ஆசை. இருவருக்கும் துப்பாக்கிப் பழக்கம் இல்லை. கணக்கில் எதை விட்டிருக்கிறோம்?

தொண்டித்துறை:

தம்பி, முதலில் கொம்பு. அது ஊருக்கு வராது. காட்டு விலங்கையும் அதன் தோல், கொம்பு, எலும்பையும் இறக்குமதி செய்ய இந்தியாவில் தடை இருக்கிறது. துபாய்க்கு அனுப்பி அங்கிருந்து கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பெட்டி கடைசியில் நம் சுங்கத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே பாடம் பண்ணும் செலவு, உப்புப் போட்டுப் பெட்டியில் அடைக்கும் செலவு, கப்பல் கூலி எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள்.

ஆனால் இதே காரணத்தால் இன்னொரு செலவு ஏறுகிறது. அங்கே வாட் என்கிற விற்பனை வரி 15 சதவீதம். தங்கல், வழிகாட்டிக்கான தினக் கட்டணத்துக்கு எப்படியும் உண்டு. மிருகத்தின் கட்டணத்துக்கு, ட்ரோஃபியை, அதாவது கொம்பு, தோலை, ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அந்த வரி விழாது. அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர் அதற்கும் கட்ட வேண்டும். அமெரிக்கர்களை நினைத்துப் போட்ட பட்டியலில் இந்த வரி தெரியாது. ஆக 4,700 என்பது 5,405 ஆகிறது.

மற்றவை, ஆளுக்கு: ரைஃபிள் வாடகை நாளுக்கு 50 டாலர் என்றால் 350. தோட்டாவுக்கு 150. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து பண்ணைக்குப் போக வர வண்டியில் உங்கள் பங்கு 150. வேட்டை நாள் என்பதில் போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் அடங்காது, அதற்கு 100. டிப்ஸ் 600. இதை விருப்பப்பட்டால் கொடுப்பது என்று நினைக்காதீர்கள். வழிகாட்டி, தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், சமையல்காரர் எல்லோருக்கும் தனித்தனிக் கவரில் கடைசி நாள் கொடுப்பது அங்கே வழக்கம். இதுவரை 6,755.

இதற்கு மேல், காயம்பட்டு ஓடிய மிருகத்துக்கு ஒதுக்க வேண்டிய பணம். ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தாலே முழுக் கட்டணம், மிருகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். ஒரு வைல்டபீஸ்டுக்கு 1,000 டாலரும் வாட்டும் சேர்த்து 1,150 தனியாக எடுத்து வையுங்கள். மொத்தம் 7,905 டாலர், 7.11 லட்சம். விமானத்துக்கு 80,000, விசா, இன்சூரன்ஸ், துணிமணிக்கு 30,000. 8.2 லட்சத்தில் வந்து நிற்கிறது. பண்ணைக்குப் பண்ணை விலை மாறும், ஆனால் எந்தத் தலைப்பும் விடுபடாது.

குடூவுக்கு 2,300 டாலர் என்றால் வாட்டோடு 2.38 லட்சம். உங்கள் கணக்கில் இடமில்லை. எருமை வேறு உலகம். அதன் கட்டணம் மட்டுமே 10,000 டாலரைத் தாண்டும், .375 குழல் அளவுக்குக் குறையாத ரைஃபிள் வேண்டும், முதல் பயணத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

பாம்பன்காற்று:

துப்பாக்கிப் பழக்கம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பட்ஜெட்டை உடைக்கப் போவது அதுதான். அங்கே பெரும்பாலான சூடு நின்றபடி, முக்காலிக் கம்பில் ரைஃபிளைச் சாய்த்து, 80 முதல் 200 மீட்டருக்குள் நடக்கும். மேஜையில் உட்கார்ந்து சுட்டுப் பழகியவர்கூட அந்தக் கம்பில் தடுமாறுவார்.

நம்மூரில் சவுக்குக் கம்புக்குப் பஞ்சமில்லை. பெருவிரல் கனத்தில், 6 அடி நீளத்தில் மூன்று கம்பு எடுங்கள். மேல்நுனியிலிருந்து நான்கு விரல் கீழே சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றுங்கள். ட்யூப் இழுபடுவதால் கால்களை விரித்துச் சுருக்கி உயரத்தை மாற்றலாம். கயிற்றால் கட்டினால் மணலில் ஒரு கால் நழுவியதும் முழுதும் சரியும். பண்ணையிலும் இதே மாதிரிக் கம்புதான், வழிகாட்டி தோளில் தூக்கி வருவார்.

4.5 மி.மீ. ஏர் ரைஃபிள், 20 ஜூலுக்கு உட்பட்டதென்றால் லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டரில் 1.5 செ.மீ. வட்டம் வரைந்து, பின்னால் மணல் மூட்டை அடுக்கி, கம்பில் சாய்த்து நின்றபடி தினம் 20 குண்டு. 10 மீட்டரில் 1.5 செ.மீ. என்பது 100 மீட்டரில் 15 செ.மீ., ஒரு இம்பாலாவின் உயிர்நிலைக்கு அவ்வளவுதான் இடம். கம்பை ஊன்றி, சாய்த்து, சுடும் வரை 10 வினாடிக்குள் முடிகிற வரை பழகுங்கள். காகிதத்தில் மட்டும். மயிலையோ முயலையோ குறி வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போவீர்கள், விசாவும் போகும்.

குறி எங்கே என்பதும் முக்கியம். நம் ஆட்டைப் பார்த்து நெஞ்சுக் கூட்டின் நடுவில் வைப்பார்கள், அது பின்னால் போய்க் குடலில் படும். அங்குள்ள மான் வகைகளுக்கு இதயமும் நுரையீரலும் முன்னங்காலுக்கு நேராக, தாழ்வாக இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டைப் பிடித்து மேலே வந்து, உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். சுட்டவுடன் தலையைத் தூக்கிப் பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். வைல்டபீஸ்ட் நல்ல அடி வாங்கியும் ஓடும்.

வாடகைக்கு .308 அளவு ரைஃபிள் கேளுங்கள், சைலன்சர் பொருத்தியதாக. அங்கே அது சட்டப்படியானது, உதையும் சத்தமும் குறையும். முதல் நாளே 100 மீட்டரில் மூன்று தோட்டா நீங்களே சுட்டுப் பாருங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் (ரைஃபிள் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி) 8 செ.மீ. இடைவெளி விடுங்கள். புதியவர்கள் ஒட்டிப் பார்த்து, உதையில் புருவம் கிழிந்து, அதற்குப் பிறகு பயந்து பயந்து இழுப்பார்கள். அப்புறம் எல்லாக் குண்டும் காயம்தான்.

மண்டபம்_மேற்கு:

தொண்டித்துறை அண்ணன் போட்ட கணக்கு சரி. ஆனால் அந்தப் பட்டியலையே மாற்றச் சொல்வேன். கொம்பு ஊருக்கு வராது என்று ஆன பிறகு கொம்புக்கு ஏன் காசு? இம்பாலாக் கிடாவுக்கு 400 டாலர் கேட்பது கொம்புக்காக. பண்ணைகள் ஒவ்வொரு வருஷமும் புல்லுக்குத் தக்கபடி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அதற்குக் கல் (cull, கூட்டத்தைக் குறைப்பது) வேட்டை, மேனேஜ்மென்ட் வேட்டை என்று தனி விலை உண்டு. பெட்டை இம்பாலா 150, வைல்டபீஸ்ட் பெட்டை 400, கொம்பு உடைந்த ஜெம்ஸ்பாக் 500 என்கிற அளவில் கிடைக்கும். ஜெம்ஸ்பாக்கில் பெட்டைக்குத்தான் கொம்பு நீளம், அதனால் பெட்டை என்று கேட்காமல் கொம்பு உடைந்தது என்றே கேளுங்கள்.

7 நாள் தினக் கட்டணம் 1,750 டாலர், இம்பாலா 4, வைல்டபீஸ்ட் 2, ஜெம்ஸ்பாக் 1. மிருகம் 1,900. வாட்டோடு மொத்தம் சுமார் 4,200. காயத்துக்கு ஒதுக்குவதும் 575 போதும். ஆளுக்கு ஏறக்குறைய 1.6 லட்சம் மிச்சம், நான்குக்குப் பதில் ஏழு வாய்ப்பு. நடையும் தடம் பார்ப்பதும் பதுங்குவதும் அதேதான், பெட்டைக் கூட்டத்தை நெருங்குவது இன்னும் கடினம், ஒன்று பார்க்காவிட்டால் இன்னொன்று பார்த்துவிடும்.

பிறகு, வார்ட்ஹாக் பன்றி இனம். உங்களுக்கு எதற்கு?

வலைவீச்சு (கீழக்கரை):

ஜஸாக்கல்லாஹ் காக்கா, கண் திறந்தது. வார்ட்ஹாக் பன்றி என்றே தெரியாது, அதை எடுத்துவிடுகிறோம். ஹலால் விஷயத்தில் என்ன சொல்லிவைக்க வேண்டும்? பணம் அனுப்பும் முறை எப்படி? கென்யா மலிவு என்று ஒருவர் சொன்னார்.

தொண்டித்துறை:

கென்யாவில் 1977-லேயே வேட்டைக்குத் தடை. அங்கே வேட்டை என்று விற்கிறவர் மோசடிக்காரர், பேச்சை அங்கேயே முடியுங்கள்.

ஹலாலுக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுடுங்கள். போய்ப் பார்க்கும்போது உயிர் இருந்தால் உடனே அறுக்க வேண்டும், கத்தி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். கழுத்தை அறுத்தால் பாடம் பண்ணும் தோல் கெடும் என்று வழிகாட்டி தடுக்கப் பார்ப்பார். தோல் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் தகராறு இல்லை. கேம்ப் அடுப்பில் வார்ட்ஹாக்கும் வேகும். தனிச் சட்டி, தனி எண்ணெய் என்று மெயிலிலேயே கேளுங்கள். இறைச்சி பண்ணைக்காரருடையது, நீங்கள் அங்கே சாப்பிடலாம், பையில் போட்டு வர முடியாது.

பணம்: பாதியை முன்பணமாகக் கேட்பார்கள், பெரும்பாலும் திரும்ப வராது. அதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். வெளிநாட்டவர் பதிவு பெற்ற தொழில்முறை வேட்டைக்காரரோடுதான் போக முடியும், அவருடைய மாகாண லைசென்ஸ் நகலைக் கேளுங்கள். ஃபாசா என்கிற தொழில்முறை வேட்டைக்காரர் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். பாங்கில் இன்வாய்சும் பான் கார்டும் கொடுத்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவத்தில் அனுப்பலாம். டிசிஎஸ் (அனுப்பும்போதே பாங்க் வசூலிக்கும் வரி) பிடித்தால் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் மாதக்கணக்கில் முடங்கும், அதையும் கையிருப்பில் சேருங்கள். மச்சான் தன் பங்கைத் துபாயிலிருந்தே அனுப்பட்டும். நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை எடுத்துப் போகலாம், டிப்ஸுக்கு 5, 10, 20 டாலர் தாளாக மாற்றுங்கள். கடைசி பில்லை இங்குள்ள கார்டில் தேய்த்தால் பல கார்டுகளில் 3.5 சதவீதமும் ஜிஎஸ்டியும் கூடுதலாகப் போகும்.

பாம்பன்காற்று:

ஒன்று விட்டுப்போயிற்று. பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும், விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே சென்னையில் கொடுங்கள். டிக்கெட்டை துபாய் அல்லது தோஹா வழியாகப் போடுங்கள். அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.

ஜூனில் அங்கே குளிர்காலம். இலை உதிர்ந்து மிருகம் கண்ணில் படும், தண்ணீருக்கு வரும், அதனால் நல்ல பருவம். ஆனால் விடியற்காலையில் திறந்த வண்டியில் போகும்போது குளிர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நம் கடற்கரை உடம்புக்குக் கை விறைத்தால் விசை இழுபடாது. மெல்லிய கம்பளிக் கையுறையும் காதை மூடும் குல்லாவும் கண்டிப்பாக வேண்டும். சட்டை, பேன்ட் காக்கியோ பச்சையோ மூன்று செட் போதும், கேம்ப்பில் துவைத்துத் தருவார்கள்.